மாப்பிள்ளை பாடிய அன்று ஆலை ஓடியது

என் இளைய மகள் நுஸ்ராவுக்கு மாப்பிள்ளையாக வரவிருந்த பையன் தன் முதல் தனிப் பாட்டைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது, அந்தப் பதிவை நாசமாக்கியவன் நான். தெரியாமல் நடந்துவிட்டது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தெரியாமல் நடந்தது சுவிட்ச் விஷயம் மட்டும்தான். அங்கே போனது, மறைந்து நின்றது, கதவில் காதை வைத்துக் கேட்டது எல்லாம் தெரிந்தே செய்தவை.

நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் நட்ட மதிப்பீட்டாளராக இருந்தவன். கடை எரிந்துபோயிற்று என்று ஒருவர் அழுதுகொண்டு வந்தால், அவருடைய கண்ணீரை விட்டுவிட்டு, எரிவதற்கு முதல்நாள் கடையிலிருந்து எதை வெளியே எடுத்தார் என்று பார்ப்பது என் தொழில். ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள், குடை ஒன்று தந்தார்கள். சந்தேகப்படுவதை நிறுத்தச் சொல்லி யாரும் கடிதம் தரவில்லை. ஆகவே தொடர்ந்தேன். மீன்காரர் நிறுத்துப் போட்டதற்கு மேல் ஒரு சூடை மீனைச் சேர்த்துப் போட்டால், ஏன் போட்டார் என்று மாலை வரை யோசிப்பேன். (பழைய மீனாகத்தான் இருக்கும்.)

இப்படிப்பட்டவனின் வீட்டுக்குத்தான் இர்ஷாதின் கல்யாணப் பேச்சு வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுப்பதில்லை, மாப்பிள்ளையை எடுக்கிறோம். வீடு பெண்ணுடையது. பெண்ணின் வாப்பா வளவுக்குள் ஒரு வீட்டைக் கட்டி வைப்பார். மாப்பிள்ளை தன் உம்மாவிடம் ஸலாம் சொல்லிவிட்டு வந்து, அந்த வீட்டில், மாமனாரின் கண்ணுக்கு முன்னால் காலத்துக்கும் இருப்பார். ஆகவே எடுப்பதற்கு முன் விசாரிப்பது வழமை. சலூனில் கேட்பார்கள், தேநீர்க் கடையில் கேட்பார்கள், பள்ளிவாசலில் எந்த வரிசையில் நிற்கிறான் என்று பார்ப்பார்கள். என் போன்ற ஆளுக்கு இது பெருநாள் மாதிரி.

இர்ஷாத் கல்முனைக்குடிப் பையன். ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் கடையில் அம்ப்ளிபயர் திருத்திக்கொண்டிருந்தவன். திருத்தக் கொடுத்துவிட்டு யாரோ திரும்ப எடுக்க வராத ஒரு கிற்றாரில் தானாகவே வாசிக்கப் பழகினான். ஊருக்கு அவன் கொடுத்த முதல் இசை, சூன் பாண் ஓட்டோவில். தெருத்தெருவாகப் பாண் விற்கிற அந்த ஓட்டோக்கள் எல்லாம் ஒரே மெட்டைத்தான் ஒலித்துக்கொண்டு போகும். ஒரு பேக்கரிக்காரர் ஸ்பீக்கர் திருத்தக் கொடுத்தபோது, இர்ஷாத் அந்த மெட்டை எடுத்துவிட்டுத் தான் வாசித்த றொக் இசையைப் போட்டுக் கொடுத்தானாம். அன்று பின்னேரம் ஒரு பெண்ணும் பாண் வாங்க வெளியே வரவில்லை. தேர்தல் வாகனம் என்று நினைத்துப் படலையைப் பூட்டிவிட்டார்கள். ஓட்டோ நிறையப் பாணுடன் பேக்கரிக்காரர் திரும்பி வந்து கதைத்த கதையை இங்கே எழுத முடியாது.

பிறகு மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு இசைக்குழு அமைத்தான். அறுகம்பைக் கடற்கரை ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்கு வாசித்தார்கள். குழுவுக்கு ஓரளவு பெயரும் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பேச்சு வந்த கொஞ்ச நாளில் அவன் திடீரென்று அந்தக் குழுவை விட்டுவிட்டான். தனியாகப் பாடப்போகிறான் என்றார்கள்.

எனக்கு மூக்கு வேர்த்தது. நன்றாக ஓடுகிற வியாபாரத்தை விட்டு ஒரு பங்காளி தானாக வெளியேறினால் எங்கோ புகைகிறது என்று அர்த்தம். இது என் தொழில் எனக்குத் தந்த அறிவு.

"பையன் நல்ல பையன். தொழுவுற. உம்மாவ வடிவாப் பாக்கிற. நுஸ்ராவுக்கும் விருப்பம்," என்றாள் என் மனைவி நபீசா.

"அவன்ட வலக்கை நகத்தப் பாத்தயா?"

"அந்நிய ஆம்புளட நகத்த நான் என்னத்துக்குப் பாக்க?"

"வலக்கையில மட்டும் வளத்திரிக்கான். இடக்கையில ஒட்ட வெட்டியிரிக்கி. ஒரு மனிசன் ஒரு கை நகத்த மட்டும் ஏன் வளக்கணும்?"

"ஒங்களுக்கு ரெண்டு கையிலயும் நகமில்ல. யோசிச்சு யோசிச்சே கடிச்சு முடிச்சிட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போய்விட்டாள்.

(கிற்றார்க் கம்பியை மீட்டுவதற்காகத்தான் அந்த நகம் என்பதை ஒரு சின்னப் பிள்ளை பிறகு எனக்குச் சொல்லித் தந்தது.)

விசாரணைக்குத் துணையாக என் மச்சான் ஹனீபாவைச் சேர்த்துக்கொண்டேன். நபீசாவின் தம்பி, கல்முனையில் சாறிக்கடை வைத்திருப்பவர், மோட்டார் சைக்கிளும் இருந்தது. கல்முனைக்குடியில் ஒரு தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்து, எதுவும் தெரியாதவர்கள் போல மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினோம். கடைக்காரர் தேநீரை வைத்தபடியே கேட்டார்: "நீங்க இர்ஷாத விசாரிக்க வந்த ஆக்கள்தானே? நேத்தே வருவீங்க எண்டு பாத்த."

அவர் சொன்னதில் குறை எதுவும் இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது. ஒரு மனிதனைப் பற்றி ஒரு தேநீர்க் கடையில் ஒரு குறையும் சொல்லவில்லை என்றால், யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து முட்டை மொத்த வியாபாரி. அவர் ஹனீபாவின் கூட்டாளி. இர்ஷாத் அவரிடம் வந்து, முட்டை அடுக்கும் மட்டைத் தட்டுகளை மாத்திரம் கட்டுக் கட்டாக வாங்கிப் போனானாம்.

"முட்ட வாங்கல்லயா?" என்று கேட்டேன்.

"ஒரு முட்ட கூட வாங்கல்ல. தட்டு மட்டும்தான். 'சத்தம் வெளிய போகக்கூடா காக்கா, அதுக்குத்தான்' எண்டான்."

ஹனீபாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சத்தம் வெளியே போகக்கூடாதாம்.

அந்த வாரமே இன்னொரு தகவல். கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பையன் கறுப்புப் பெட்டிகளுடன் வானில் வரப்போகிறான். ஒரே ஒரு நாள்தான் நிற்பான். இர்ஷாத் அவனை வரிப்பத்தான்சேனைக்குக் கூட்டிப் போகிறான். அங்கே போகம் முடிந்து மூடிக் கிடக்கிற ஒரு அரிசி ஆலைக்கு. என்னைப் போல வேறு யாராவது இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தாலும் நல்ல எண்ணம் வந்திருக்குமா? ஊரில் தூள், ஐஸ் என்று போதையில் எத்தனை பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். என் மகளின் வீட்டுக்குள் எடுக்கிற மனிதன்.

அன்று ஹனீபாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி, காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை தாண்டிப் போனோம். யாராவது கேட்டால் விதைநெல் பார்க்க வந்தோம் என்று சொல்வதாக ஏற்பாடு. (ஹனீபாவுக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் எரிந்த நெல்லைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.)

ஆலை வயலோரத்தில் தனியாக நின்றது. வான் ஒன்று வெளியே. கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கதவில் காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாகக் கம்பிச் சத்தம். அதன் பிறகு ஒரு மனிதக் குரல், வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி, வார்த்தை எதுவுமில்லாமல், ஆட்டைக் கயிற்றில் மாட்டி இழுத்தது போல நீளமாக ஒரு அலறல்.

ஹனீபாவின் முகம் வெளுத்துவிட்டது. "மச்சான், ஆரயோ கொல்றாங்க."

"கதவ ஒடைப்பமா?"

"எனக்கு சுகர் இரிக்கு."

எனக்கு என் தொழில் கைகொடுத்தது. எந்த விபத்து இடத்திலும் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். இதை நானே எத்தனையோ அறிக்கைகளில் பரிந்துரை செய்திருக்கிறேன். வெளிச் சுவரில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பெரிய இரும்புப் பிடிகள் இருந்தன. ஒன்று மேலே நின்றது, ஒன்று கீழே. வீட்டுச் சுவிட்சைக் கீழே தட்டினால் லைட் எரியும், மேலே தட்டினால் அணையும். இது எல்லோருக்கும் தெரிந்தது. மேலே இருந்த பிடி ஏற்கெனவே அணைந்திருக்கிறது என்று முடிவுசெய்தேன். கீழே இருந்ததை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினேன்.

ஆலைப் பிடிகள் வீட்டுச் சுவிட்சுக்கு நேர்மாறு என்பதை நாற்பது வருடத்துக்குக் கிட்ட மின்கசிவுத் தீயைப் பற்றியே எழுதிய நான் அந்த இடத்தில்தான் அறிந்துகொண்டேன்.

முதலில் நிலம் நடுங்கியது. பிறகு பெல்ட்டுகள் சுழன்றன. ஒரு போகம் முழுக்கக் குழாய்க்குள் அடைந்து கிடந்த உமியையும் தவிட்டையும் ஊதி இயந்திரம் ஒரே மூச்சில் உமி அறைக்குள் துப்பியது. அவர்கள் பதிவுசெய்துகொண்டிருந்தது அந்த உமி அறைக்குள்தான். உமி மூட்டைகள் சத்தத்தை நன்றாக உறிஞ்சும் என்று கொழும்புப் பையன் தானே தெரிவுசெய்த அறை.

கதவு திறந்தது. முதலில் புழுதி வந்தது, பிறகு மனிதர்கள் வந்தார்கள். இர்ஷாத் தலை முதல் கால் வரை மஞ்சளாக, கிற்றாரைக் குழந்தை போல நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். நீள முடிக்குள் ஒரு மூடை உமி இருந்தது. நுவன் என்ற அந்தக் கொழும்புப் பையன் இருமி இருமி, கையில் பிடித்திருந்த மைக்கைக் கவிழ்த்தான். அதிலிருந்து தவிடு கொட்டியது.

"அங்கிள்," என்றான் அவன், தனக்குத் தெரிந்த தமிழில். "ஏன் அங்கிள் மிசின் போட்டது?"

நான் சொன்ன பதில் என் வாழ்நாளில் நான் கொடுத்த பதில்களிலேயே மோசமானது. "நாங்க விதைநெல் பாக்க வந்த."

இர்ஷாத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை. "இதுல ஏறி இருங்க மாமா, கண்ணுக்குள்ள தூசி பட்டிரும்," என்று வான் கதவைத் திறந்துவிட்டான். அந்த நிலையிலும் நான் நினைத்தேன்: இவ்வளவு மரியாதை ஏன்?

நுவனின் பெட்டிகளில் பாதி வேலை செய்யவில்லை. பதிவாகியிருந்ததும் போயிற்று. அவன் அன்றே கொழும்புக்குத் திரும்பிவிட்டான். புதுப் பாடகர்களுக்கான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அந்த வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாட்டு போகவில்லை. வேறு யாருடைய பாட்டோ ஒளிபரப்பாயிற்று.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரு விபத்து போலச் சொன்னேன். நுஸ்ரா கேட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் சத்தம் போடுகிறவள் இல்லை.

"அவர் ஏன் வாப்பா குழுவ உட்ட?" என்றாள்.

"அதத்தானே நானும் விசாரிச்ச."

"நீங்கதான் சென்னீங்க. ஹோட்டல்ல வாசிக்கிற மாப்பிள்ள நம்மட ஊட்டுக்குச் சரிவராது எண்டு. சோறு தின்னக்குள்ள சென்னீங்க. உம்மா அவங்கட ஊட்டுக்குச் செல்லியனுப்பின. அதுக்குத்தான் அவர் ஹோட்டலயும் உட்டு, குழுவயும் உட்டு, தனிப் பாட்டுச் செஞ்ச. ரீவியில வந்தா ஒங்களுக்கு மதிப்பா இரிக்கும் எண்டு."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எதையோ மென்றுகொண்டு சொல்லியிருக்கிறேன். ஒரு பையன் தன் பிழைப்பை அதற்காக மாற்றிக்கொண்டிருக்கிறான். அவன் ஏன் மாற்றினான் என்று நான் ஒற்றன் போலத் திரிந்திருக்கிறேன்.

மறுநாள் ஹனீபா கடையிலிருந்து செய்தி கொண்டுவந்தார். இர்ஷாதின் உம்மா பேச்சை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டாராம். "'எங்கட மகன் அந்த ஊட்டுலதான் காலத்துக்கும் இரிக்கணும். அந்த மனிசன் தலகாணிக்குள்ளயும் கைய உட்டுப் பாப்பார்' எண்டு செல்றாங்க மச்சான்."

"நீங்க என்ன சென்னீங்க?"

"நான் என்னத்தச் செல்ல? பாப்பீங்கதானே."

பரிகாரம் தேடிப் புறப்பட்டேன். முதலில் கொழும்புக்கு பஸ் ஏறி நுவனின் வீட்டைக் கண்டுபிடித்தேன். கையில் இரண்டு சட்டி எருமைத் தயிர். நடந்தது முழுவதையும், விதைநெல் பொய் உட்பட, ஒப்புக்கொண்டேன். இன்னொரு முறை வரச் சொல்லிக் கெஞ்சினேன். அவன் தயிர்ச் சட்டியின் மூடுதாளைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். "உமி இல்லதானே அங்கிள்?" என்றான். பிறகு சிரித்துவிட்டான். வருவதாகச் சொன்னான்.

இடம் வேண்டுமே. ஆலைக்காரர் எங்களை வயலுக்குப் பக்கத்திலும் விடமாட்டார். எனக்கு ஒரு யோசனை வந்தது. நுஸ்ராவுக்குக் கட்டிய வீட்டில் மணவறையாக ஒதுக்கிய அறை தயாராக இருந்தது. தடித்த சுவர், ஒரே ஜன்னல். அதைக் கொடுத்தேன். ஆலையிலிருந்து உமி தட்டிக் கொண்டுவந்த முட்டைத் தட்டுகளை இர்ஷாதும் நானும் சேர்ந்து நான்கு சுவரிலும் ஒட்டினோம். மணவறை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். நபீசா அன்று என்னோடு பேசவில்லை. அஸர் தொழுகைக்கு முன்பே கல்முனைக்குடிக்குச் செய்தி போய்விட்டது: அந்த மனிசன் மாப்பிள்ளையின் அறையில் கோழி வளர்க்கப் போகிறார்.

நுவன் வந்தான். பாட்டு தொடங்கியது. அது ஒரு மனிதன் தன் சொந்த வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று, தட்டலாமா வேண்டாமா என்று தயங்கும் பாட்டு. நான் வளவுப் படலையில் காவலுக்கு நின்றேன். மீன்காரரைத் திருப்பி அனுப்பினேன். சூன் பாண் ஓட்டோவைச் சந்தியிலேயே கைகாட்டி மறித்தேன். பக்கத்து வீட்டுச் சேவலை (உரிமையாளரின் அனுமதியோடு) கூடைக்குள் மூடினேன். எல்லாம் நன்றாகப் போனது.

அப்போது ஒரு மனிதர் வந்தார். வெள்ளைத் தொப்பி, நல்ல சாரம், ஒழுங்காக வெட்டிய தாடி. படலையில் கையை வைத்துக்கொண்டு வீட்டைக் கண்ணால் அளந்தார். கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். என் உடம்பிலிருந்த பழைய மதிப்பீட்டாளன் விழித்துக்கொண்டான்.

"ஆரு?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. குரலை உயர்த்தினேன். "ஆரு நீ? ஆரத் தேடி வந்த?"

"தேங்கா விக்கிறீங்களா எண்டு கேக்க வந்த," என்றார் அவர் அமைதியாக.

எங்கள் வளவில் தென்னை இல்லை. அந்தச் சாக்குப்போக்கைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நானும் அப்படித்தானே விதைநெல் பார்க்கப் போனேன். (அவர் இர்ஷாதின் தாய்மாமா என்பது பிறகு தெரிந்தது.) கோழிக் கதை கேட்டு, இந்த வீடு எப்படிப்பட்டது, இந்த மனிசன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ஆள். நான் அவரை ஒரு கள்ளனைக் கேட்பது போலக் கேட்டிருக்கிறேன்.

படலையைத் திறந்து உள்ளே கூட்டிவந்தேன். கதிரை போட்டேன். உள்ளே பாட்டு நடப்பதால் இருவரும் வாய் திறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஓசையில்லாமல் தேநீர் குடித்தோம். பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். முடிந்தது என்று நினைத்தேன். பாட்டும் முடிந்தது, சம்பந்தமும் முடிந்தது.

அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ச் சொன்னதை ஹனீபாதான் எனக்குக் கொண்டுவந்து சேர்த்தார்: "மனிசன் சந்தேகக்காரன்தான். ஆனா இவன்ட பாட்டுக்கு வெயிலுக்க காவல் நிக்கிறார். அவரே நிண்டா வேற ஆரு இவன அசைக்கிற? எடுத்தா எடுக்கட்டும்." உம்மா சம்மதித்தார்.

ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டபோது நடுவில் ஒரு இடம். பாட்டில் அந்த மனிதன் கதவடியில் நிற்கிறான்; எல்லா இசையும் அடங்கிவிடுகிறது. அந்த மௌனத்தில், தூரத்தில், கரகரத்த ஒரு குரல்: "ஆரு நீ? ஆரத் தேடி வந்த?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாவது தடவையும் கெடுத்துவிட்டேன். நுவன் அதை வெட்டிவிடலாம் என்றான். இர்ஷாத் வேண்டாம் என்றார்.

"எங்கட வாப்பா கட்டார்ல உழைச்சிட்டு மொத மொத வந்த நேரம் நான்தான் கதவத் தொறந்த, மாமா. எனக்கு அவர அடையாளம் தெரியல்ல. நான் இதத்தான் கேட்ட. அவர் வாசல்லயே நிண்டு அழுதாராம். இது இரிக்கட்டும்."

தொலைக்காட்சி வாய்ப்பு திரும்பி வரவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. அது கிடைத்திருந்தால் மருமகன் இன்று வேறு உயரத்தில் இருந்திருப்பார், அந்தக் கணக்கு என்னுடையது. பாட்டை இணையத்தில் போட்டார். மெதுவாகத்தான் பரவியது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் மேடைகள் கிடைத்தன. பாட்டின் நடுவில் வரும் அந்தக் குரல் யாருடையது என்று கேட்டு எழுதுகிறார்கள். பெரிய நாடக நடிகர் ஒருவரை வைத்துப் பேசவைத்ததாக ஒருவர் எழுதியிருந்தார். மேடையில் இசை அடங்கியதும் கூட்டம் முழுவதும் என் குரலில் கத்துகிறது. மீன்காரர் காலையில் படலையைத் தட்டிவிட்டு, நான் கேட்பதற்கு முதலே தானே கேட்டுக்கொள்கிறார். நபீசாவுக்கு என் தொலைபேசி அழைப்பு வந்தால் "ஆரு நீ?" என்றுதான் எடுக்கிறாள். பேத்திக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை, ஆனால் "ஆரு" வருகிறது.

போன கிழமை மருமகன் ஒரு செய்தி சொன்னார். அடுத்த மேடையில் அந்த இடத்துக்கு நானே வந்து, மைக்கில் நேரில் பேச வேண்டுமாம். இருக்கை, வாகனம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்தாகிவிட்டதாம்.

இவ்வளவு ஏற்பாடு ஏன் என்று ஹனீபாவை அனுப்பி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.